சிகாகோவுக்குப் பெயர் தந்த வெங்காயம்

அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக்குப் பெயர் வந்ததே ஒரு காட்டு வெங்காயத்தால்தான். மயாமி-இல்லினாய் பழங்குடியினர் அந்தச் செடிக்கு வைத்திருந்த பெயர்தான் மருவி சிகாகோ ஆனது. இன்று அதை ராம்ப்ஸ் என்கிறார்கள்.

மேப்பிள், பீச் மரங்களின் அடியில் வளரும் செடி இது. பனி உருகியதும் அகலமான இரண்டு மூன்று இலைகள் தலைகாட்டும். மரங்கள் தழைத்து நிழல் மூடுவதற்குள் வெயிலைக் குடித்து, குமிழில் உணவைச் சேர்த்துவிட்டு இலைகள் வாடிவிடும். வெள்ளைப் பூ அதற்குப் பிறகுதான்!

வளர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். மிளகு போன்ற கறுப்பு விதையை ஈரமண்ணில் தூவி, மேலே சருகு போர்த்த வேண்டும். முளைக்கவே ஒன்றரை ஆண்டு ஆகலாம். முதிர்வதற்கு 5 முதல் 7 ஆண்டுகள். அப்படிப்பட்ட செடியை ஒரே இழுப்பில் பிடுங்கிவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

அதனால்தான் கனடாவின் கியூபெக் மாநிலம் 1995-ல் இதன் விற்பனையைத் தடைசெய்தது. செரோக்கி பழங்குடி மக்களோ வேரையும் குமிழின் அடியையும் மண்ணிலேயே விட்டு அறுப்பார்கள். அந்த அடியிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும்.