நிறங்களாகிய கூடலூர்

தேனி மாவட்டத்துக் கூடலூரை நம்மவர் பலரும் அறிவர். குமுளி மலையேறும் வழியில் உள்ளது. நீலகிரியிலும் ஒரு கூடலூர் உண்டு. மூன்றாவது கூடலூர் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனைமலைத் தொடரில் தோன்றிப் பாலக்காட்டுச் சமவெளியில் தவழ்ந்து வரும் பாரதப்புழையோடு தூதப்புழை கலக்கும் இடம் அது. மலையாள நாவலாசிரியர் எம். டி. வாசுதேவன் நாயர் பிறந்த ஊரும் அதுவே. அவ்வூரின் பெயரையே தம் பெயராகத் தாங்கிய ஓவியர் ஒருவரைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

அச்சுதன் கூடலூர் 1945-ஆம் ஆண்டு பிறந்தார். கட்டடப் பொறியியல் பயின்றவர். ஓவியக் கல்லூரியில் மாணவராய் அமர்ந்தவரல்லர். பிழைப்பின் பொருட்டு நாம் கிழக்கேயிருந்து மேற்கே வந்தோம். அவரோ மேற்கேயிருந்து கிழக்கே சென்னைக்குச் சென்றார். 1850-இல் தோன்றிய எழும்பூர் ஓவியக் கல்லூரியின் வளாகத்தில் மாலை வேளைகளில் கூடிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பிலேதான் அவர் தூரிகை பழகினார். தமிழக லலித் கலா அகாதமியின் விருது 1982-இலும், தேசிய விருது 1988-இலும் அவரை நாடி வந்தன. 2022 ஜூலையில் சென்னையிலேயே மறைந்தார்.

தொடக்கத்தில் அவர் வரைந்தவை மனித உருவங்கள். நாளடைவில் உருவங்கள் மெல்ல விலகின. சிவப்பும் நீலமும் மஞ்சளுமே திரையை ஆண்டன. உருவம் பாதி, அருவம் பாதியாக நிற்கும் ஓவியத்தைக் கண்டால், "இதில் என்ன இருக்கிறது? ஒன்றும் விளங்கவில்லையே!" என்று நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். ஆனால் நம் வீட்டு வாசலை நாம் மறந்து விடலாமா? புள்ளி வைத்து இழைக்கும் கோலத்தில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. அதன் பொருள் யாதென்று எவரும் கேட்பதில்லை. கண் நிறைகிறது, மனம் அமைதி கொள்கிறது. அருவ ஓவியமும் நம்மிடம் வேண்டுவது அவ்வளவே: சற்று நின்று பார்க்கும் பொறுமை.

நம் அனுபவமே இதற்கு மற்றொரு சான்று. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து முதுமையெய்திய தாய்மாரிடம், பிறந்த ஊர் எப்படியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டின் அளவையோ தெருவின் பெயரையோ அவர்கள் முதலில் சொல்வதில்லை. செம்மண் என்பார்கள், நண்பகல் வெயில் என்பார்கள், கண்மாய் நீரின் மினுமினுப்பு என்பார்கள். காலம் செல்லச் செல்ல உருவம் தேய்கிறது; நிறம் நிலைக்கிறது. ஊரை விட்டு வந்தவர் உள்ளத்தில் ஊர் வாழும் முறை இதுவே. ஆகவே அத்தகைய ஓவியம் நமக்கு அந்நியமன்று. நம் நெஞ்சுக்கு மிக அண்மையானது.

கோவையிலே 1911-இல் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், எழும்பூர்க் கல்லூரிக்கு முதல்வராயிருந்தவர்; 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். பாலக்காட்டுக் கணவாயின் இரு புறத்தாரும் சென்னையில் ஒன்றுகூடிக் கலை வளர்த்தனர். மொழியின் எல்லை அங்கே குறுக்கே நிற்கவில்லை.

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று நம் பிள்ளைகளின் கையிலிருந்து வண்ணக்கட்டியைப் பிடுங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். அச்சுதன் பொறியியலும் கற்றார். மாலைப் பொழுதுகளைத் தூரிகைக்கும் தந்தார். தொழிற்கல்வி அவருடைய கலைக்குப் பகையாகவில்லை. குழந்தை வானத்திற்குச் சிவப்புத் தீட்டினால் தவறென்று அடிக்க வேண்டா. அருகே அமர்ந்து, "இது எந்த வேளை வானம், கண்ணே?" என்று கேளுங்கள். விடை சொல்ல அதற்குத் தெரியும்.