இடைப்பின்னல் வரிக்காட்சியும் கணனியும்

தொலைக்காட்சிப் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வரையப்பெறுவது. செக்கனுக்கு 25 முழுப் படங்கள் வந்தால் அசைவு தொடர்ச்சியாகத் தோன்றும். எனினும் கதோட்டுக் கதிர்த் திரையில் ஒளி மினுமினுக்கும். அம்மினுக்கத்தைத் தணிக்கச் செக்கனுக்கு 50 முறை திரை ஒளிர்தல் வேண்டும். 50 முழுப் படங்களை அனுப்பவோ இருமடங்கு அலையகலம் தேவை. இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வே இடைப்பின்னல் முறை. ஒற்றை வரிகளை ஒருமுறையும் இரட்டை வரிகளை மறுமுறையும் வரைவதால், அலையகலம் மிகாமலே திரை 50 முறை ஒளிர்கின்றது. 1936 ஆம் ஆண்டு இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பீ.பீ.சி. நிறுவனம் ஒளிபரப்பியபோது, பெயர்ட்டின் 240 வரி முறையும், மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி இடைப்பின்னல் முறையும் மாறி மாறிப் பயன்பட்டன. 1937 இல் பின்னதே நிலைபெற்றது. பின்வந்த 625 வரி முறையும் அதன் வழியையே பின்பற்றிற்று.

ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. ஒளிப்படக் கருவி எடுத்த இரு பாதிகளும் ஒரே கணத்திற்குரியன அல்ல. அவற்றிடையே 1/50 செக்கன் கழிகின்றது. ஓடும் குதிரை அதற்குள் சற்று முன்னேறிவிடும். கணனித் திரையோ எல்லா வரிகளையும் இடைவிடாது ஒழுங்காக வரைவது. இரு பாதிகளையும் அவ்வாறே இணைத்துக் காட்டின், குதிரையின் விளிம்பு சீப்பின் பற்கள்போலப் பிளவுபடும். ஒவ்வொரு பாதியையும் தனிப்படமாக விரித்தால் அசைவு சீராகும்; ஆயின் நுண்கோடுகள் மேலுங் கீழுமாக நடுங்கும். ஆதலின் திறமான மென்பொருள்கள், அசையாப் பகுதியில் இரண்டையும் இணைத்து, அசையும் பகுதியில் விடுபட்ட வரிகளை அயல்வரிகளைக் கொண்டு கணித்து நிரப்புகின்றன. திரைப்படத்திலிருந்து பெற்ற காட்சியாயின் இரு பாதிகளும் பெரும்பாலும் ஒரே படத்தினவாதலால், இணைத்தலே ஏற்றது.

இடைப்பின்னல் முறையிலேயே தொலைக்காட்சிப் பெட்டிக்கு அனுப்புவதாயின் மூன்று நியதிகள் பேணப்படல் வேண்டும். முதலாவது, பாதிகளைப் பிரிக்காமல் படத்தின் உயரத்தை மாற்றலாகாது. மாற்றின் இரு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டாவது, பாதிகளின் வரிசை பிறழலாகாது. பிறழின் அசையும் பொருள் முன்னும் பின்னுமாகத் துள்ளும். மூன்றாவது, வேகம் ஒத்திருத்தல் வேண்டும். செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் 50 பாதிகளைக் காட்டின், ஐந்துக்கு ஒன்று இருமுறை தோன்றும்; செக்கனுக்குப் பத்துத் தடவை அசைவு தடுக்கும்.

இன்றைய திரைகளுக்கு இடைப்பின்னல் தேவையில்லை. ஆயினும், கடந்த நூற்றாண்டின் நடனங்களும் விளையாட்டுகளும் பல அம்முறையிலேயே பதிவாகியுள்ளன. இரு பாதிகளையுங் கலந்து சுருக்கிவிட்டு மூலத்தை அழித்தல், அசைவின் செம்பாதியை இழத்தலாகும். கலந்தவற்றைப் பின்னர்ச் செவ்வனே பிரித்தல் அரிது. ஆகவே பாதிகளைப் பிரிந்த நிலையிலேயே பேணி, காட்டும் வேளையில் மட்டும் இணைத்தலே அறிவுடைமை.