கிச்சன் கோட்டைத் தெரிந்துகொண்டால் பாதி ஆட்டம் தெரிந்த மாதிரி

டீ ஆறுவதற்குள் பிக்கிள்பால் விதிகளைச் சொல்லிவிடலாம். சேலையூர், மேடவாக்கம் பக்கம் சாயங்காலம் விளக்குப் போட்டதும் ‘டொக் டொக்’ என்று கேட்கிறதே, அந்த ஆட்டம்தான். 2025 ஜனவரியில் மும்பையில் நடந்த உலக பிக்கிள்பால் லீகில் சென்னைக்கும் ஓர் அணி இருந்தது. உரிமையாளர் நடிகை சமந்தா.

1965இல் அமெரிக்காவின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் இதை முதன்முதலில் ஆடியது ஒரு பழைய பாட்மிண்டன் கோர்ட்டில். அளவு இன்றும் அதேதான்: 20 அடிக்கு 44 அடி. உங்கள் அப்பார்ட்மென்ட் கோர்ட்டே போதும். நெட்டை மட்டும் ஓரங்களில் 36 அங்குலத்துக்கும் நடுவில் 34க்கும் இறக்கிக் கட்டுங்கள்.

சர்வீஸ் இடுப்புக்குக் கீழே, கீழிருந்து மேலாக, குறுக்கே எதிர்க்கட்டத்துக்குப் போக வேண்டும். ஒரே வாய்ப்புதான். வரும் பந்தை எதிராளி ஒருமுறை தரையில் படவிட்டு அடிக்கணும். திரும்பி வருவதை நீங்களும் படவிட்டே அடிக்கணும். அதற்கப்புறம்தான் அந்தரத்தில் அடிக்க அனுமதி. சர்வீஸ் போட்ட கையோடு நெட்டுக்குப் பாய்ந்து ஆளை அமுக்கும் வேலை இங்கே நடக்காது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஆட முடிவது இதனால்தான்.

இனி கிச்சன். நெட்டிலிருந்து இருபுறமும் 7 அடி. அதற்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. கோட்டை மிதித்தாலும் தப்பு. தரையில் பட்டு எழுந்த பந்தென்றால் உள்ளே போய்த் தாராளமாக அடிக்கலாம். பலர் தடுமாறுவது இங்கேதான்: வெளியே நின்று அந்தரத்தில் சரியாகவே அடிக்கிறீர்கள், பாயின்ட்டும் முடிந்துவிட்டது, ஆனால் அடித்த வேகத்தில் ஒரு கால் உள்ளே விழுகிறது. தப்பு உங்களுடையது. தலையிலிருந்த தொப்பி உள்ளே விழுந்தாலும் அப்படித்தான். இன்னொன்று: பாட்மிண்டன் சர்வீஸ் கோடு ஆறரை அடியில் இருக்கிறது. அதையே கிச்சன் கோடாக வைத்து ஆடாதீர்கள். அரையடி தள்ளிச் சாக்பீஸால் புதுக்கோடு போடுங்கள்.

வழக்கமான முறையில் சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே பாயின்ட். 11 எடுக்கணும், இரண்டு வித்தியாசம் வேணும்.

விதிகள் சில வருஷமாகவே மாறிக்கொண்டிருக்கின்றன. நெட்டில் உரசி உள்ளே விழுந்த சர்வீஸை மறுபடி போடும் வழக்கம் 2021இல் போயிற்று. பந்தைக் கீழே போட்டு எழும்பவிட்டு அடிக்கும் சர்வீஸ் அதே ஆண்டு சோதனையாக வந்து, 2022இல் நிலைத்தது. அதற்கு இடுப்பு உயரக் கணக்கு கிடையாது. புதிதாக ஆடுகிறவர்கள் இதில் தொடங்குவதே நல்லது. கையாலேயே பந்தைச் சுழற்றிவிட்டு அடிக்கும் தந்திரத்துக்கு 2023இல் தடை வந்தது. என்னைக் கேட்டால் மிகச் சரியான முடிவு. யார் சர்வீஸ் போட்டாலும் ஜெயித்தவருக்கே பாயின்ட் என்ற முறை 2025இல் தற்காலிக விதியாக நுழைந்தது. ஆகவே போட்டிக்குப் பேர் கொடுக்கும் முன் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைக்கு மேல் பந்து போனால் பின்பக்கமாகவே ஓடாதீர்கள். உடம்பைத் திருப்பி ஓடுங்கள், இல்லையென்றால் அந்தப் பாயின்ட்டை விட்டுவிடுங்கள். செருப்போடு இறங்கவே வேண்டாம்.