உங்களுக்குத் தெரியுமா? கொடியில்லாமல் குத்திய நம் வீரர்கள்

2012 டிசம்பரில் இந்திய அமெச்சூர் குத்துச்சண்டைக் கூட்டமைப்பை உலக அமைப்பான ‘ஐபா’ இடைநீக்கம் செய்தது. கூட்டமைப்பின் தேர்தலில் தில்லுமுல்லு நடந்திருக்குமோ என்ற சந்தேகம்தான் காரணம். மறு ஆண்டு அல்மாட்டியில் நடந்த உலகப் போட்டியில் நம் வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல், ஐபா கொடியின் கீழ் களமிறங்கினார்கள். நாற்காலிச் சண்டை யாருடையதோ, அடி இவர்களுக்கு! 2014-இல் வந்த புதிய கூட்டமைப்பான ‘பாக்சிங் இந்தியா’ ஓராண்டுகூடத் தாங்கவில்லை. இன்றைய கூட்டமைப்பு 2016-இல் அமைந்தது.

வேடிக்கை என்னவென்றால், நிர்வாகக் கோளாறுகளால் அந்த ஐபாவே 2023-இல் ஒலிம்பிக் அங்கீகாரத்தை இழந்தது. ஆகவே, குற்றாலச் சாரலில் ஓடிப் பழகும் தென்காசிப் பிள்ளை 2028 லாஸ் ஏஞ்சலஸைக் கனவு கண்டால், தெரிந்துகொள்ள வேண்டிய பெயர், ஐபாவின் இடத்துக்கு வந்திருக்கும் உலக அமைப்பான ‘வேர்ல்டு பாக்சிங்’.