அறபு நாணயங்களை இனங்காணல்: எழுத்தும் அதிகாரமும்

இடைக்கால அறபு நாணயமொன்றை இனங்காண முற்படும் நாம் முதலில் நோக்கவேண்டியது அதன் எழுத்தையே. தொடக்கத்தில் பைசாந்திய, சாசானிய நாணயங்களைத் தழுவியே காசுகள் அடிக்கப்பட்டன. உமையாக் கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) உருவங்களை நீக்கி, வாசகங்களை மட்டும் பொறித்த பொன் தீனாரை வெளியிட்டார். அதன் நிறை ஏறத்தாழ 4.25 கிராம்.

சீர்திருத்தத்தின் பின்வந்த வெள்ளித் திர்ஹத்தின் ஓரவாசகத்தில் அக்கசாலை அமைந்த நகரும் ஆண்டும் இடம்பெறும். ஆண்டு இலக்கத்திலன்றிச் சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கும். இவ்வுமையா நாணயங்களில் கலீபாவின் பெயர் இல்லை. அப்பாசியர் காலத்தில் அது இடம்பெறலாயிற்று. பின்னர் ஆளுநர், சிற்றரசர் பெயர்களும் சேர்ந்தன. கி.பி. 945இல் பக்தாதைக் கைப்பற்றிய புவைகியர், கலீபாவின் பெயரை விட்டுவைத்துத் தம் பெயரையும் பொறித்தனர். பெயர் ஒருவருடையது, படைபலம் மற்றவருடையது என்ற முரண்பாட்டை அக்காசே காட்டுகிறது.

எனினும் எழுத்து மட்டும் போதிய சான்றாகாது. இங்கிலாந்தின் மேர்சிய அரசன் ஒஃபா, ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரொன்றைப் படியெடுத்து, தன் பெயரை இலத்தீனில் அதனிடையே பொறித்தான். அறபு எழுத்துக்களிலுள்ள பிழைகள், அச்சு வெட்டிய கைவினைஞன் அம்மொழி அறியாதவன் என்பதைப் புலப்படுத்துகின்றன. மொழி புரியாத நாட்டிலும் அத்தீனாருக்கு மதிப்பிருந்தது.

ஆகவே எழுத்து, உலோகம், நிறை, கண்டெடுத்த இடம் ஆகியவற்றை நாம் ஒருங்கே நோக்கவேண்டும். கண்டெடுத்த இடம் மறைக்கப்பட்டு விலைபோகும் காசு, அது யார் கைகளூடாகப் பயணித்தது என்ற சமூக வரலாற்றை இழந்துவிடுகிறது.