முதுகில் ஒரு பெயர்

ஏப்ரல் மாத இறுதியை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் லண்டன் தெருக்களில் நடைபெறும் மாரத்தான், 42.195 கிலோமீட்டரை யார் முதலில் கடப்பது என்னும் போட்டியாக ஒரு சிலருக்கும், மறைந்த தாய்க்கோ தந்தைக்கோ பிள்ளைக்கோ செய்யும் நினைவுக்கடனாக வேறு பலருக்கும் அமைந்திருக்கிறது. இறந்தவரைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து தேடும் நிறுவனத்துக்காகவோ, அவரது கடைசி நாள்களில் வலியைத் தணித்துப் பார்த்துக்கொண்ட இல்லத்துக்காகவோ உறவினர் ஒருவர் ஓட, அவரை அறிந்தவர்கள் அதற்குப் பணம் தருவதே இதன் அடிப்படை. ஓட்டத்துக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆயினும் சும்மா கேட்டால் தயங்கும் கை, ஒருவர் மாதக்கணக்கில் உடலை வருத்திக்கொள்வதைக் கண்டால் தானாக நீளும் என்பது, நேர்ந்துகொண்டு மலையேறுவோரை அறிந்த சமூகத்துக்குப் புதிதன்று.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடைதாண்டும் நெடுஓட்டத்தில் தங்கம் வென்ற கிறிஸ் பிராஷர், 1979இல் நியூயார்க் மாரத்தானில் ஓடித் திரும்பிய உற்சாகத்தில் நண்பர் ஜான் டிஸ்லியுடன் சேர்ந்து தொடங்கியது இந்த ஓட்டம். 1981 மார்ச் 29 அன்று நடந்த முதல் ஓட்டத்தில் அமெரிக்கர் ஒருவரும் நார்வேக்காரர் ஒருவரும் கைகோத்தபடி ஒன்றாகவே முடிவுக்கோட்டைத் தாண்டினர்.

ஓட விரும்பும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. 2025ஆம் ஆண்டு ஓட்டத்துக்கான குலுக்கலில் 8 லட்சத்து 40 ஆயிரம் பேர் விண்ணப்பித்திருக்க, ஓடி முடித்தவர்கள் ஏறத்தாழ 56,000 பேர். குலுக்கலில் பெயர் வராதவர்களுக்குத் திறந்திருக்கும் பெரிய வாசல், 1990களில் தொடங்கிய 'கோல்டன் பாண்ட்' திட்டமாகும். இதன்படி தொண்டு நிறுவனங்கள் உறுதி செய்யப்பட்ட இடங்களை ஆளுக்குச் சில நூறு பவுண்டு கொடுத்து முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்பவருக்கே அவற்றை வழங்குகின்றன. அத்தொகை பெரும்பாலும் 2,000 பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது: துக்கம் ஆறாத ஒருவர், கணக்கு முடிக்க வேண்டிய விற்பனையாளரைப் போல அலுவலகத்தில் பலகாரம் சுட்டு விற்கவும் பழைய நண்பர்களுக்குக் கடிதம் எழுதவும் நேர்கிறது. ஆனால் அந்தக் கடிதங்களின் வழியாகவே இறந்தவரைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுகிறது என்பதையும், இறப்பைப் பற்றிப் பேசக் கூசும் சமூகத்தில் அப்படியொரு சாக்கு எளிதில் வாய்ப்பதில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பிரிட்டனில் வருமான வரி செலுத்துவோர் தரும் நன்கொடையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸைக் கூடுதலாக அரசிடமிருந்து தொண்டு நிறுவனம் பெற்றுக்கொள்ளலாம். 'கிஃப்ட் எய்ட்' எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு, கொடுப்பவர் ஓர் ஒப்புதல் அளித்தாலே போதும். 2025இல் ஒரே நாள் ஓட்டத்தால் திரண்ட தொகை 8 கோடியே 70 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

ஓடுவோரின் பனியனை அருகில் பார்த்தால் இரண்டு பெயர்கள் தென்படும். மார்பில் இருப்பது ஓடுகிறவரின் பெயர். வேடிக்கை பார்க்கும் கூட்டம் அதைப் படித்துக் கூவி உற்சாகப்படுத்தும். முதுகில், ஊக்கு குத்திய தாளிலோ அச்சடித்த துணியிலோ, இறந்தவரின் படமும் பெயரும் சில வேளைகளில் பிறந்த, மறைந்த ஆண்டுகளும் இருக்கும். சுமந்து ஓடுபவர் கண்ணுக்கு அது படுவதில்லை. பின்னால் வருகிற முன்பின் அறியாதவர்கள்தாம் மைல் கணக்கில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

பாதித் தொலைவுக்குச் சற்று முன் வரும் டவர் பாலத்தைக் கடந்து வலப்புறம் திரும்பியதும் ஒரு சோதனை காத்திருக்கிறது. 13ஆவது மைலில் உள்ளவர், 22ஆவது மைலை எட்டிவிட்டவர்கள் அதே சாலையின் மறுபுறத்தில் எதிர்த்திசையில் செல்வதைப் பார்த்தபடி ஓட வேண்டும். இன்னும் ஒன்பது மைல் கழித்தே அங்கு வந்து சேர முடியும் என்பதோடு, உடலின் பெரிய தடையும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்த எரிபொருள் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் பலருக்குத் தீர்ந்துபோக, உடல் மெதுவாக எரியும் கொழுப்பையே நம்ப வேண்டியதாகிக் கால் கல்லாய்க் கனக்கும். ஓட்டக்காரர்கள் இதனைச் 'சுவரில் மோதுவது' என்பார்கள். தங்கள் பனியனைக் கண்டதும் ஆரவாரிக்க ஆட்களைத் தொண்டு நிறுவனங்கள் வழியோரத்தில் நிறுத்துகின்றன. கடைசி மைல்களில் அந்த இரைச்சலே பலருக்குக் கைகொடுக்கிறது.

ஓட்டம் முடிந்த பின்னும் இணையத்தில் நன்கொடைப் பக்கம் சில காலம் திறந்திருக்கும். 2012ஆம் ஆண்டு ஓட்டத்தில் முடிவுக்கோட்டை நெருங்கிய இளம்பெண் ஒருவர் சரிந்து விழுந்து இறந்தார். மனமுடைந்தோருக்குத் தொலைபேசியில் துணைநிற்கும் அமைப்புக்காகச் சில நூறு பவுண்டு திரட்ட அவர் தொடங்கியிருந்த பக்கத்தில், அவரை ஒருபோதும் கண்டிராதவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செலுத்திய தொகை சில நாள்களில் 10 லட்சம் பவுண்டைத் தொட்டது.