மேசையில் பிசியா, ஹாலில் கன்சோலா?

ஜிடிஏ 6 விளையாட்டு 2026 நவம்பர் 19 அன்று வெளியாகும் என்று ராக்ஸ்டார் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்தது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகிய பெயர்கள் மட்டுமே அந்த அறிவிப்பில் இருந்தன. பிசி பற்றிப் பேச்சே இல்லை. நீண்ட நாள் விளையாடுபவர்களுக்கு இது பழகிப்போன காத்திருப்பு. 2002 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த வைஸ் சிட்டி, அடுத்த ஆண்டு மே மாதம்தான் கணினிக்கு வந்தது. 2013 செப்டம்பரில் கன்சோலில் வெளியான ஜிடிஏ 5, கணினியை எட்டும்போது 2015 ஏப்ரல் ஆகிவிட்டது. அதே நிறுவனத்தின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் வைஸ் சிட்டியைக் கணினித் திரையில் மட்டுமே பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று முப்பதுகளில் இருக்கிறது. கையில் சொந்தச் சம்பளம் இருக்கிறது. பேசாமல் ஒரு கன்சோலை வாங்கிவிடலாமா என்ற கேள்வியும் இருக்கிறது.

கேள்வியை நண்பர்கள் குழுவில் போட்டால் பேச்சு உடனே எண்களுக்குத் தாவிவிடும். எத்தனை டெராஃபிளாப், எத்தனை எஃப்பிஎஸ், 4கே வருமா வராதா என்று இரவெல்லாம் ஓடும். வாங்கப் போகிறவருக்கு அதனால் தெளிவு பிறப்பது குறைவு. பிஎஸ்5-ஐத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் கணினிதான்: ஏஎம்டி நிறுவனத்தின் எட்டு கோர் பிராசஸர், அதே நிறுவனத்தின் கிராபிக்ஸ், 16 ஜிபி நினைவகம், ஓர் எஸ்எஸ்டி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் அதே குடும்பம்தான். முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. எந்தப் பாகம், எந்த செட்டிங், எந்தக் கடை என்பதையெல்லாம் கன்சோலில் சோனியோ மைக்ரோசாஃப்டோ முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. பிசியில் அத்தனையும் வாங்கியவர் பொறுப்பு. சிலருக்கு அது தொல்லை. சிலருக்கோ விளையாட்டில் பாதி சந்தோஷமே அதில்தான்.

இந்த வித்தியாசம் ஒரு சாதாரண வார நாளின் இரவில் நன்றாகத் தெரியும். மணி ஒன்பதரை. சாப்பாடு முடிந்தாயிற்று, தூங்குவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. கன்சோல் உள்ள வீட்டில் கன்ட்ரோலரின் நடுப் பொத்தானை அழுத்தினால் பெட்டி விழிக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் வழியே டிவியும் தானாக ஆன் ஆகிறது. நேற்று எந்த வளைவில் வண்டியை நிறுத்தினாரோ அதே வளைவில் விளையாட்டு காத்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளில் உள்ள குயிக் ரெஸ்யூம் வசதி விளையாட்டின் அப்போதைய நிலையை எஸ்எஸ்டியில் எழுதி வைத்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போய் வந்தாலும் பல விளையாட்டுகள் விட்ட இடத்திலேயே திறக்கும். பிஎஸ்5 ரெஸ்ட் மோடில் இருக்கும்போது கரண்ட் போனால் அப்படி நடக்காது. கடைசியாக சேவ் செய்த இடத்திலிருந்துதான் தொடர வேண்டும். அடிக்கடி மின்தடை வரும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

பிசியிலும் ஸ்லீப்பில் போட்டு எழுப்பலாம். ஆனால் அதே ஒரு மணி நேரத்துக்குள் விண்டோஸ் அப்டேட் வந்து நிற்கலாம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கிய விளையாட்டைச் சொடுக்கினால் அது வெளியீட்டாளரின் இன்னொரு லாஞ்சரைத் திறந்து மறுபடி லாகின் கேட்கலாம். கிராபிக்ஸ் டிரைவர் புதிது வந்திருக்கலாம். எல்லாம் தாண்டி உள்ளே போனால், ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்ற பொருளில் ஒரு வரியும், அதன் பக்கத்தில் மெல்ல ஏறும் சதவீதமும் தெரியும்.

அந்த வரி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டு சாதனங்களின் குணமும் புரிந்துவிடும். ஒளி எங்கே விழ வேண்டும், நீர் எப்படி மின்ன வேண்டும், தோல் எப்படித் தெரிய வேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் சிறு நிரல்களே ஷேடர்கள். ஒவ்வொரு வகை சிப்புக்கும் ஏற்றபடி அவற்றை மாற்றித் தர வேண்டும். கன்சோலில் சிப் எதுவென்று முன்பே தெரியும் என்பதால், ஸ்டூடியோவிலேயே அந்த வேலையை முடித்து விளையாட்டோடு அனுப்பிவிடுகிறார்கள். பிசியில் யாரிடம் எந்த கார்டு, எந்த டிரைவர் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவரவர் வீட்டில் அவரவர் கணினியே அதைச் செய்துகொள்கிறது. டிரைவர் மாறினால் மறுபடியும் செய்ய நேரிடும். முன்கூட்டிச் செய்யாவிட்டால் ஆட்டத்தின் நடுவே காட்சி திக்கித் திணறும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 கணினிக்கு வந்தபோது, ஷேடர் தயாராவதற்கே நெடுநேரம் காத்திருந்தவர்களின் கோபம் ஸ்டீம் விமர்சனங்களை நிரப்பியது. பிறகு பேட்ச் மேல் பேட்ச் விட்டுத்தான் சரி செய்தார்கள்.

ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கும் மென்பொருள்களும் பிசிக்காரர்களிடம் வேலை வாங்குகின்றன. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் விளையாட்டு ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் இயங்க வேண்டும். 2025 அக்டோபரில் வெளியான பேட்டில்ஃபீல்டு 6-உம் செக்யூர் பூட்டைக் கட்டாயமாக்கியது. அது அணைந்திருக்கும் கணினியில் பயாஸுக்குள் போய் மாற்ற வேண்டும். பயாஸ் என்றாலே கை நடுங்குகிறவர்களுக்கு கன்சோல் தரும் நிம்மதி உண்மையானது. அதை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை.

அதற்காக கன்சோலில் எல்லாமே பிரச்சினையின்றி ஓடும் என்று நம்பிவிடவும் கூடாது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான சைபர்பங்க் 2077, பிஎஸ்4-இல் ஓடிய லட்சணத்தைப் பார்த்து ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்பி வர அடுத்த ஆண்டு ஜூன் ஆனது. பழைய கன்சோலின் வேகத்தைக் கூட்ட வழியே இல்லை. நல்ல பிசி வைத்திருந்தவர்கள் அதே விளையாட்டை அப்போதே ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

வசதிக்கு அடுத்தபடி கை. என்ன விளையாட்டு பிடிக்கும் என்பதே பல நேரம் சாதனத்தைத் தீர்மானித்துவிடும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் கன்சோலில் கிடையவே கிடையாது. வாலரன்ட் 2024-இல் கன்சோலுக்கு வந்தது. ஆனால் கன்சோல்காரர்களும் பிசிக்காரர்களும் ஒரே ஆட்டத்தில் மோத முடியாதபடி அதை உருவாக்கிய ரயட் நிறுவனம் பிரித்தே வைத்தது. மவுஸின் துல்லியத்துக்கு முன்னால் கட்டைவிரல் ஸ்டிக் ஈடுகொடுக்காது என்பதே காரணம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸில் கிடைக்கிறது என்றாலும், நூறு வீரர்களை மேய்க்க மவுஸ்தான் சுகம். கால்பந்து, கார் பந்தயம், டெக்கன் போன்ற சண்டை விளையாட்டுகளில் நிலைமை தலைகீழ். கன்ட்ரோலர் இல்லாமல் அவற்றில் ருசி இல்லை. இங்கே பிசிக்கு ஒரு கூடுதல் சலுகை உண்டு. பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரைக்கூட யுஎஸ்பி கேபிளில் செருகிக் கணினியில் ஆடலாம். கன்சோலில் மவுஸ் வேலை செய்வதோ, அந்த விளையாட்டைச் செய்தவர்கள் அனுமதித்தால்தான்.

நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஃபோர்ட்நைட் போன்றவற்றில் எந்தச் சாதனத்திலிருந்தும் ஒன்றாகச் சேரலாம். எல்லா விளையாட்டுக்கும் அது பொருந்தாது.

பணக் கணக்கு வாங்கும் நாளில் ஒரு மாதிரியும், மூன்று வருடம் கழித்து வேறு மாதிரியும் தெரியும். 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த பிஎஸ்5 ஸ்லிமின் விலை, அப்போது டிஸ்க் டிரைவுடன் 54,990 ரூபாயாகவும், டிரைவ் இல்லாமல் 44,990 ரூபாயாகவும் இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் கேபினெட், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பேரம் பேசி அசெம்பிள் செய்தாலும், அதே தரத்தில் ஒரு பிசி அந்த விலைக்குள் அடங்குவது கடினம். மானிட்டரும் யுபிஎஸ்ஸும் தனி. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலையும் எகிறியது. கன்சோலை லாபமின்றி விற்க நிறுவனங்களால் முடிவதற்குக் காரணம், பணம் வேறு வழியில் வருகிறது என்பதுதான். எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் தங்களுக்கு லாபம் கிடைத்ததே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி லோரி ரைட், எபிக்–ஆப்பிள் வழக்கில் 2021 மே மாதம் சாட்சியம் சொன்னார். விளையாட்டு விற்பனையில் கிடைக்கும் பங்கும் சந்தாவும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

அந்தப் பங்கு யார் பையிலிருந்து போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சோனியின் பெரிய விளையாட்டுகள் பிஎஸ்5 வந்தபோதே இங்கே 4,999 ரூபாயைத் தொட்டன. ஃபோர்ட்நைட் மாதிரியான இலவச விளையாட்டுகளைத் தவிர, மற்றவற்றை பிஎஸ்5-இல் ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். பிசியில் ஆன்லைனுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. ஸ்டீம் 2015 முதல் ரூபாயில் விற்கிறது. கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் இரண்டு மூன்று வருடப் பழைய விளையாட்டுகள் பாதி விலைக்கும் கீழே போகின்றன. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடு தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு பொதுவாக முடிந்துபோகும். இதற்கு மாற்றாக கன்சோலுக்கு டிஸ்க் இருக்கிறது. ஆடி முடித்து நண்பருக்குக் கொடுக்கலாம், செகண்ட் ஹேண்டில் விற்கலாம். வருடத்துக்கு இரண்டு மூன்று விளையாட்டு போதும் என்பவருக்கு டிஸ்க் உள்ள கன்சோல் கட்டுப்படியாகும். வாரம் ஒன்று தொட்டுப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு பிசிதான் மலிவு.

வருடங்கள் கடந்தால் பிசியின் பலம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1998-இல் வந்த ஹாஃப் லைஃப் இன்றும் ஸ்டீமில் திறக்கிறது. பிஎஸ்3 டிஸ்க்கை பிஎஸ்5 ஏற்காது. பிஎஸ்4 டிஸ்க்குகளைத்தான் பெரும்பாலும் ஏற்கும். விளையாட்டைப் பிரித்து மேய்ந்து புதிதாக ஒன்றைச் செய்யும் சுதந்திரமும் பிசியில்தான் முழுமையாக இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்கே ஹாஃப் லைஃபை ரசிகர்கள் மாற்றி எழுதியதில் பிறந்தது. டோட்டா, வார்கிராஃப்ட் 3-க்கு ஒரு ரசிகர் செய்த மேப்பிலிருந்து வளர்ந்தது. இன்று உலகமே ஆடும் இரண்டு விளையாட்டுகள் இப்படித் தோன்றியிருக்கின்றன என்பது பிசிக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம். அதேநேரம், நிறுவனம் நினைத்தால் எந்தச் சாதனத்திலும் கதை முடிந்துவிடும். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும், தி க்ரூ விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருந்த பிசிக்காரரும் கன்சோல்காரரும் ஒன்றாகவே அதை இழந்தார்கள்.

எல்லைக்கோடு அழிந்துகொண்டும் வருகிறது. 2018-இல் பிஎஸ்4-க்கு மட்டும் வந்த காட் ஆஃப் வார், 2022 ஜனவரியில் பிசிக்கு வந்தது. மைக்ரோசாஃப்டின் ஃபோர்சா ஹொரைசன் 5, 2025 ஏப்ரலில் போட்டியாளரான பிஎஸ்5-க்கே போய்ச் சேர்ந்தது. வால்வ் நிறுவனம் 2022-இல் கையடக்க ஸ்டீம் டெக்கைக் கொண்டுவந்தது. 2025 நவம்பரில் டிவிக்குக் கீழே வைக்கும் ஸ்டீம் மெஷினை அறிவித்தது. பிசி விளையாட்டுகளைக் கன்சோல் போல ஆட வைப்பதே அதன் நோக்கம். வாலரன்ட் போன்ற சில விளையாட்டுகள் மட்டும் இவற்றின் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடாது.

வீட்டில் இன்னும் கணினியே இல்லை, பிள்ளைகளின் படிப்புக்கும் ஒன்று வேண்டும் என்றால், கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசிக்கே பணத்தை ஒதுக்குவது நல்லது. அலுவலக லேப்டாப் ஒன்று ஏற்கனவே இருந்து, நாள் முழுக்க மேசையில் குனிந்தவர் மாலையில் மறுபடி மேசைக்குப் போக மனமில்லாமல் சோபாவில் சாய விரும்பினால் கன்சோல் பொருந்தும்; ஹால் டிவியை சீரியல் நேரத்தில் கேட்டுச் சண்டை வராது என்பது மட்டும் உறுதியாக வேண்டும். கணவன் மனைவியோ அண்ணன் தங்கையோ பக்கத்தில் உட்கார்ந்து ஆட இட் டேக்ஸ் டூ, ஸ்ப்ளிட் ஃபிக்ஷன் போன்ற இருவர் விளையாட்டுகள் இரு பக்கமும் உண்டு என்றாலும், பெரிய திரையில் அவை தரும் கூத்து மானிட்டரில் வராது.

கன்சோல் என்று முடிவாகிவிட்டால், டிரைவ் இல்லாத மாடலில் பணம் மிச்சம் என்று அவசரப்பட வேண்டாம். அதில் பழைய டிஸ்க் வாங்கவும் முடியாது, ஆடியதை விற்கவும் முடியாது. ஆனாலும் பிஎஸ்5 ஸ்லிமுக்கு டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். முதல் தடவை மாட்டும்போது பெட்டியை இணையத்தோடு இணைத்துத்தான் அதைப் பதிவு செய்ய வேண்டும்.